டென்மார்க்காரியின் வேண்டுதல்

வெளிநாடு போகும் வாய்ப்பு எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்தது. அதைக் கெடுத்தது விதியும் இல்லை, ஜாதகக் கட்டமும் இல்லை. என் வாய்தான். என் வாயைப் பற்றி என் அம்மா இருந்தவரை நிறையவே சொல்லியிருக்கிறாள், அதனால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் இராஜபாளையத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் சிறு யூனிட் ஒன்று வைத்திருந்தார். ஊரில் மில் முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்தில் அவரும் உறுப்பினர். மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு சாப்பாடு, சாப்பாட்டுக்கு முன்னால் சமூகசேவை பற்றி ஒரு பேச்சு. பேச்சு நீண்டால் சோறு ஆறிவிடும் என்பதால் சமூகசேவை எப்போதும் சுருக்கமாகவே முடிந்துவிடும்.

அந்தச் சங்கம்தான் டென்மார்க்கில் இருந்த ஏதோ ஒரு பள்ளியோடு ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து நான்கு மாணவர்கள் மே மாதம் வருவார்கள். எங்கள் ஊரில் நான்கு வீடுகளில் தங்குவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், மில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு நடக்கும் கோடை முகாமில் மூன்று வாரம் வேலை செய்வார்கள். பதிலுக்கு மறு வருஷம், தங்கவைத்த நான்கு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் டென்மார்க் போய் அங்கே ஒரு முகாமில் அதே மாதிரி வேலை செய்யலாம். யாரை அனுப்புவது என்பதை, முகாமின் கடைசி நாளில் அந்த நான்கு மாணவர்களும் பேசுவதைக் கேட்டுச் சங்கம் முடிவு செய்யும்.

அந்த ஒருவர் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதுவரை நான் போயிருந்த தூரதேசம் மதுரை. டென்மார்க் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடிப் பார்த்தபோது, அது என் சுண்டுவிரல் நகத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது. இருந்தாலும் அந்தச் சுண்டுவிரல் நாட்டுக்குப் போகாமல் செத்தால் என் கட்டை வேகாது என்கிற அளவுக்கு ஆசை. கூடப் படித்தவர்களிடம் எல்லாம் போய்விட்டு வந்தது போலவே பேசத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு வயது பத்தொன்பது, என் வயதுதான். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். வந்த அன்று நான்கு தடவை இடித்துக்கொண்டாள், நான்கு தடவையும் நிலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், ஆனால் அது முழுக்க ஏற்றுமதிக் கடிதங்களில் கற்ற ஆங்கிலம். "யுவர் குட் செல்ஃப் கைண்ட்லி ஈட்" என்பார். அவள் ஒரு தோசை சாப்பிட்டதும், "கைண்ட்லி கன்ஃபர்ம் ஒன் மோர்" என்பார். அவளும் தலையாட்டிக் கன்ஃபர்ம் செய்வாள். மற்றதை எல்லாம் மொழிபெயர்ப்பது என் வேலையாயிற்று. அம்மா பேசுவதில் பாதியை விட்டுவிட்டும், அவள் பேசுவதில் கொஞ்சம் சேர்த்தும் இரு பக்கமும் நல்லபடியாக நடத்திக்கொண்டிருந்தேன்.

அவளிடம் பொய் கிடையாது. இதை ஒரு நற்குணமாகச் சொல்லவில்லை, ஒரு தொந்தரவாகச் சொல்கிறேன். அம்மா பாயசம் வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்து, முந்திரி நன்றாக இருக்கிறது, மற்றது பிடிக்கவில்லை என்பாள். நான் அம்மாவிடம், "அமிர்தம்ங்கா" என்பேன். உடனே இன்னொரு டம்ளர் வரும். ஏன் வருகிறது என்று புரியாமல் அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும்.

அவர்கள் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், இந்த மாணவர்கள் முகாமில் மற்ற எல்லோரையும் போல உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. சங்கச் செயலாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். "அவிய பெருந்தன்மைக்கு அப்படி எழுதியிருக்காவ. அதுக்காக வந்த விருந்தாளிய வேலை வாங்கிருவமா?" என்று கேட்டாராம். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆகவே முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா, மேடை, மேடையில் குஷன் வைத்த நான்கு நாற்காலி. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அவள் அதை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாள், கையில் வைத்துக்கொண்டு சிரி என்றேன். எண்பது பிள்ளைகள் கீழே வெயிலில் வரிசையாக உட்கார்ந்து வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள்.

அது முதல் நாள் மரியாதை, போகட்டும் என்று நினைத்தோம். மறுநாள் விளையாட்டுப் பயிற்சியின் தொடக்கவிழா. அதற்கு ஒரு குத்துவிளக்கு, ஒரு பொன்னாடை. அதற்கு மறுநாள் காகிதப்பூ செய்யும் பயிற்சியின் தொடக்கவிழா. பிறகு பல் விளக்குவது எப்படி என்று சொல்லித்தரும் வகுப்புக்கும் ஒரு பல் டாக்டரை அழைத்துத் தொடக்கவிழா நடத்தினார்கள். மே மாதத்து வெயிலில், சரிகை வைத்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நான்கு டென்மார்க்காரர்களும் வெந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் அவளிடம் ஆறு பொன்னாடை சேர்ந்திருந்தது. நூல் கடைக்காரர் வீட்டில் தங்கியிருந்த நெட்டைப் பையனிடம் ஏழு. அவனுக்கு அந்த வாழ்க்கை பிடித்துப்போய்விட்டது. நாற்காலியிலேயே தூங்கப் பழகிவிட்டான்.

வீட்டிலும் அதே கதைதான். சாப்பிட்ட தட்டை அவள் கழுவ எடுத்துப் போனால் அம்மா பின்னால் ஓடுவாள். இரண்டு பேரும் கிணற்றடியில் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்து இழுப்பார்கள். "விடுத்தா, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்பாள் அம்மா. அந்த நாங்களில் நான் இல்லை. பத்தொன்பது வயதுவரை நான் என் டம்ளரைக் கூடக் கழுவியதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஆறாம் நாள், டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழுதாள். கோபத்தில் வரும் அழுகை. நான் இங்கே பொம்மையாக உட்கார வரவில்லை, ஒரு குழந்தையின் பெயர் கூட எனக்குத் தெரியாது, கடைசி நாளில் என்னைப் பேசச் சொன்னால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் சொல்வேன் என்றாள். நாற்காலி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்வேன் என்றாள்.

இவள் சொல்வாள். மேடையில் மைக்கைப் பிடித்து அப்படியே சொல்வாள். சங்கத்துக்கு மானம் போகும், மானம் போன சங்கம் என்னையா டென்மார்க்குக்கு அனுப்பும்? அவளுக்கு எப்படியாவது வேலை வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும். மறுநாள் டிரில் மாஸ்டரிடம் போனேன். முகாமின் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. சார், அவள் வேலை செய்ய ஆசைப்படுகிறாள் என்றேன். "ஆசப்படுவாங்கம்மா, நாமதான் விடக் கூடாது," என்றார். அவங்க பள்ளிக்கூடத்து விதி என்றேன். "கையெழுத்துதான வேணும்? மூணு வாரம் கல்லு சொமந்தான்னு எழுதி நான் போட்டுத் தாரேன்," என்றார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை.

"சார், அது வேண்டுதல் சார்," என்றேன்.

டிரில் மாஸ்டர் விசிலைக் கீழே இறக்கினார். "வேண்டுதலா?"

"ஆமா சார். அவங்க ஊர்ல இருந்து கெளம்பும்போதே நேர்ந்துக்கிட்டாங்களாம். பிள்ளைகளுக்குப் பந்தி பரிமாறி, எச்சித் தட்டு கழுவுறதா. வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. கை தன்னால் கும்பிடப் போய்ப் பாதியில் நின்றது. "இத மொதல்லயே சொல்ல வேண்டாமாம்மா? நேர்த்திக்கடன தடுத்த பாவம் நமக்கெதுக்கு?" என்றார். செத்த நேரத்தில் பின்பக்கத்துச் சமையல் கொட்டகைக்கு அவரே எங்களைக் கூட்டிப்போய், சமையல்கார அம்மாவிடம் தேங்காய்நாரும் சபீனாப் பொடியும் வாங்கி, பூஜைச் சாமான் போல இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று என்னிடம் கேட்டாள். எடுத்துச் சொன்னேன், புரிந்துகொண்டார் என்றேன்.

எங்கள் பக்கம் இது ஒரு வசதி. ஆசை என்றால் கேட்கமாட்டார்கள், உரிமை என்றால் அடிக்க வருவார்கள், வேண்டுதல் என்றால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். மொட்டை போட்டாலும் தீ மிதித்தாலும் ஏன் என்று ஒரு ஆள் கேட்பதில்லை. எச்சில் தட்டு கழுவுவதை மட்டும் கேட்டுவிடுவார்களா?

வேண்டுதலுக்கு ஒரு துணை வேண்டும் என்று நானே சேர்த்துவிட்டதால், நானும் தட்டு கழுவ வேண்டியதாயிற்று. எண்பது தட்டு. முதல் நாள் இடுப்பு ஒடிந்தது. அவள் ஒடியவில்லை. தட்டு முடிந்ததும் தண்ணீர் சுமந்தாள், பிள்ளைகளுக்குத் தலை வாரினாள், மூக்குச் சிந்திவிட்டாள், வயிற்றுப்போக்கில் கால்சட்டையை நனைத்த பையனைத் தூக்கிப்போய்க் குழாயடியில் கழுவிவிட்டாள். நாலே நாளில் எண்பது பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பத்துக்கு மேல் இன்றுவரை தெரியாது. பிள்ளைகள் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், பதிலுக்கு அவள் தலைக்குப் பேன்களைக் கொடுத்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் சொறிந்துகொண்டே பாடுவாள். அப்படிச் சந்தோஷமாக இருந்த ஒரு ஆளை நான் அதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. டென்மார்க்கை மறந்து நான் தட்டு கழுவிய நாட்களும் இரண்டு மூன்று உண்டு.

ஆனால் ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. டிரில் மாஸ்டர் ரகசியமாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார், அவர் ரகசியமாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, வேண்டுதல்ல இருக்க பிள்ளைக்கா நான் தெனம் முட்ட அவிச்சுப் போட்டேன்? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?" என்றாள். அன்றோடு முட்டை நின்றது, மீன் நின்றது. கட்டில் போய்ப் பாய் வந்தது. மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு ஏறியது. அவள் ஒவ்வொன்றாக என்னிடம் விளக்கம் கேட்டாள். முட்டை ஏன் இல்லை? வெயில் காலத்தில் சூடு என்றேன். பாய் ஏன்? தரை குளிர்ச்சி என்றேன். கயிறு? சிநேகக் கயிறு என்றேன். அதற்கு அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். தட்டை இழுத்துப் பிடிக்கிற சண்டை மட்டும் நின்றுபோனது. வேண்டுதல்காரி கழுவட்டும் என்று அம்மா கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டாள்.

முகாமிலும் விஷயம் பரவியது. பிள்ளைகளைக் கொண்டுவிட வரும் தாய்மார்கள் கொட்டகைப் பக்கம் வந்து, இவ்வளவு தூரத்தில் இருந்து வந்து நேர்த்திக்கடன் செலுத்துகிற பெண்ணை எட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி குங்குமம் வைத்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று டென்மார்க்காரி என்னிடம் சொன்னாள். அதில் பொய் இல்லை என்பதால் நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசி நாள் வந்தது. மறுபடி சாமியானா, மறுபடி குத்துவிளக்கு. அம்மாவும் அப்பாவும் முதல் வரிசையில் இருந்தார்கள். நூல் கடைக்காரரும் அவர் மகனும் அடுத்த வரிசை. அவன் என்னோடு போட்டியில் இருந்தவன், ஆனால் அப்படிக் காட்டிக்கொள்ள மாட்டான், யாரிடமும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். மொழிபெயர்க்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. நெட்டைப் பையன் எழுந்து, உணவு அருமை, நாற்காலி அருமை என்று பேசினான், கைதட்டினார்கள். அடுத்து இவள். முகாமில் பட்ட பாட்டையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள், வரி பிசகாமல் மொழிபெயர்த்தேன். என்னைப் போன்ற தோழி கிடைப்பது கஷ்டம் என்றாள், அதைக் கொஞ்சம் சத்தமாகவே மொழிபெயர்த்தேன். சங்கத் தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். டென்மார்க் என் சுண்டுவிரலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போது தலைவர் மைக்கை வாங்கினார். "இந்தப் பொண்ணு ஒரு வேண்டுதலோட வந்திருக்காங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். இன்னிக்கு அது நிறைவேறிப் போச்சு. இனிமே சொல்லலாம். என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு கேளுங்கம்மா," என்று என் பக்கம் திரும்பினார்.

எண்பது பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னையே பார்த்தார்கள். நான் அவளிடம் ஆங்கிலத்தில், இந்த ஊரில் உனக்கு என்ன பிடித்தது என்று கேட்டேன். அவள் யோசித்து, பிள்ளைகள், பாய், உன் அம்மா என்றாள். நான் கூட்டத்தைப் பார்த்து, "அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலையாம். அதுக்காக வேண்டிக்கிட்டாங்களாம்," என்றேன்.

அம்மா என்ற சொல் வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. வேறு என்ன காரணம் சொல்ல? ஆனால் அது இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் எழுந்தது. தலைவர் எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் பிரார்த்தனை செய்யச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். யார் இறந்துபோனார் என்று அவள் என் காதில் கேட்டாள். இது வழக்கம் என்றேன். அதற்குள் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி வந்து, "எந்தாயி, இத மனசுல வச்சிக்கிட்டா சிரிச்சிட்டு இருந்த?" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் அம்மாவின் அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீழே யாரோ ஆங்கிலம் தெரிந்தவர் நெட்டைப் பையனிடம் விசாரித்திருக்கிறார். யாரும் கூப்பிடாமலே அவன் நாற்காலியிலிருந்து எழுந்தது அதுதான் முதல்முறை. மேடை முழுக்கக் கேட்கும்படி, உன் அம்மாவுக்கு என்ன ஆயிற்று, போன மாதம்தானே நமக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வேண்டுதல் என்றால் என்ன, ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மெதுவாக என் அம்மாவின் கையை விலக்கிவிட்டு மைக்குக்குப் போனாள். மூன்று வாரமாக அவள் ஆங்கிலம் வேகமாக இருக்கிறது, விளங்கவில்லை என்று சொன்ன ஊருக்கு விளங்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள். என் அம்மா நலமாக இருக்கிறாள். எனக்கு வேண்டுதல் இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தட்டு அழுக்காக இருந்தது, கழுவினேன். என்னை வேலை செய்ய விட வேண்டும் என்பதற்காக இவள் அப்படிச் சொன்னாள். இவளைத் தயவுசெய்து எங்கள் ஊருக்கு அனுப்புங்கள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒலிபெருக்கிக்காரர்கூட விளங்கிக்கொண்டு பாட்டு போடாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போய் ஆறு முட்டையை உடைத்து ஊற்றினாள். "ரெண்டு வாரமா ஒரு முட்ட குடுக்காம அந்தப் பிள்ளைய காயப்போட்டுட்டனே," என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். டென்மார்க்காரி ஆறையும் சாப்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, உன் இடத்தை நான் கெடுத்துவிட்டேனா என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். அது உண்மை.

சாயங்காலம் அப்பா சங்கத்திலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சொன்னார். "இடம் நூல் கடைக்காரர் மகனுக்குப் போயிட்டு. சாமி பேரச் சொல்லிப் பொய் பேசுற பிள்ளைய அனுப்ப முடியாதுன்னுட்டாங்க." பிறகு, "நான் ஒண்ணும் எதுத்துப் பேசலத்தா. என்னத்தச் சொல்லிப் பேச?" என்றார். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவது போல வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் காலை மதுரைப் பாசஞ்சரில் அவர்கள் கிளம்பினார்கள். இராஜபாளையம் ஸ்டேஷனில் சங்கம் முழுக்க மாலையோடு நின்றது. அவளுடைய பெட்டி பொன்னாடைகளால் பிதுங்கி மூடமாட்டேன் என்றது, நானும் நூல் கடைக்காரர் மகனும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மூடினோம். வண்டி வரும் நேரத்தில் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். முடிவாகிவிட்டதா? என்னால்தானே உனக்கு இல்லை என்று ஆயிற்று? அவள் கண் இரவெல்லாம் அழுது வீங்கியிருந்தது. இப்போதும் அழத்தான் போகிறாள் என்று தெரிந்தது.

"எனக்குத்தான் கிடைத்தது," என்றேன். "அடுத்த மே மாதம் வருகிறேன்."

அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிளாட்பாரமே பார்த்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நூல் கடைக்காரர் மகன் நான் சொன்னதைக் கேட்டான். என்னைப் பார்த்தான். பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினான்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. அவளுடைய அம்மா தையல் மெஷின் வைத்திருந்த அறையை எனக்காக ஒழித்துவிட்டாளாம். சன்னலுக்கு மஞ்சள் திரை போட்டிருக்கிறார்களாம். முகாம் நடக்கிற இடத்தில் போய் இந்தியாவிலிருந்து ஒருத்தி வருகிறாள், தட்டு கழுவுவதில் கெட்டிக்காரி என்று சொல்லி வைத்துவிட்டாளாம். நான் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்தேன். மார்கழியில் இன்னொரு கடிதம், எனக்குக் குளிருக்கு என்ன அளவு ஸ்வெட்டர் வேண்டும் என்று கேட்டு. அதற்கும் எழுதவில்லை. பங்குனியில் மூன்றாவது கடிதம். அது ஒரு பக்கம்கூட இல்லை. சங்கத்திலிருந்து வந்த தாளில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது, தவறாக எழுதிவிட்டார்களா, சொல் என்று கேட்டிருந்தாள். அதை மடித்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தேன். உண்மையை எழுத எனக்கு வெட்கம். அந்த வருஷம் அந்தப் புத்தகத்தை நான் திறக்கவே இல்லை, அந்தப் பாடத்தில் அரியரும் வைத்தேன்.

மே மாதம் நூல் கடைக்காரர் மகன் போனான். மாலை போட்டு அனுப்பினார்கள். அவனைத் தங்கவைத்தது அவள் வீட்டில்தான் என்று அப்பா வந்து சொன்னார். நான் கேட்டும் கேட்காதது போல இருந்தேன்.

ஜூன் மாத நடுவில் அவன் திரும்பி வந்தான். வந்த நாலாம் நாள் எங்கள் யூனிட்டுக்கு நூல் பில்லோடு வந்தவன், அப்பா இல்லை என்றதும் போகாமல் நின்றான். எனக்கு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க இருந்தது. கடிதம் ஏதாவது கொடுத்தாளா என்று கேட்டேன்.

"இல்ல," என்றான்.

"ஏதாவது சொன்னாளா?"

"நான் போனதும் கேட்டா. ஸ்டேஷன்ல நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." அவனுக்கு இதுவே பெரிய பேச்சு. பிறகு தானாகச் சொன்னான். "ரூம் கதவுல ஒரு அட்ட ஒட்டியிருந்துச்சு. ஒங்க பேரு, தமிழ்ல. கோணக்கோணையா எழுதியிருந்துச்சு. நான் வந்துட்டேன்ல, எடுத்திருவாங்கன்னு பாத்தேன்."

"எடுக்கலயா?"

"எடுக்கல. மூணு வாரமும் இருந்துச்சு. நானே ஒரு நா எடுத்துரட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. அது ஒங்க ரூமுதானாம்."

அவன் பில்லை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. அன்று மதியமே தபாலாபீஸுக்குப் போய் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் ஒன்று வாங்கினேன். அங்கேயே மேஜையில் வைத்து, எனக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை, உன்னிடம் பொய் சொன்னேன் என்று முதல் வரியை எழுதினேன்.